தொடாமல் போன வண்டி: அம்பாசமுத்திரம் சாலையில் ஒரு மிதிவண்டி விபத்து குறித்த நிகழ்வு ஆய்வு

நோக்கம்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவிக்கு மேற்கே, மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், மிதிவண்டியில் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த விவசாயத் தொழிலாளி ஒருவர் கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது; தலையிலும் அடிபட்டது. அவரை முந்திச் சென்ற சரக்கு வண்டி அவர்மேல் படவே இல்லை. படவில்லை என்பதாலேயே அதன் ஓட்டுநர் நிற்காமல் போனார். சற்று நேரம் கழித்து வந்து உதவிக்கு நின்ற வேறொரு லாரி ஓட்டுநரோ, தான் செய்யாத விபத்துக்காக அடிவாங்கும் நிலைக்கு ஆளானார்.

ஓட்டுநர்களுக்கும் சாலையோர ஊர்க்காரர்களுக்கும் முதலுதவி கற்றுத்தரும் பணியில் இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு எழுதப்படுகிறது. அடிபட்டவரின் குடும்பம், இரண்டு ஓட்டுநர்கள், அங்கே நின்றிருந்த பெண்கள் ஆகியோரிடம் தனித்தனியே கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். அவர்களின் ஒப்புதல் உண்டு. பெயர், ஊர், வண்டி எண் எதுவும் இங்கே இல்லை.

பின்னணி: சாலையும் அதில் போகிறவர்களும்

தாமிரபரணிப் பாசனத்தை ஒட்டி ஓடும் சாலை இது. கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களும் வாழைத் தோட்டங்களும் இருபுறமும் உள்ளன. விடிவதற்கு முன்பே சாலை விழித்துவிடும். வாழைத்தார் ஏற்றிய சிறு சரக்கு வண்டிகள் சந்தைக்கு விரையும். பாபநாசம் போகும் முதல் பேருந்துகள் எதிரே வரும். எம் சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள் போகும். இவற்றுக்கு நடுவே, சாலையின் இடது விளிம்பில், மிதிவண்டிகள் போகும்.

மிதிவண்டியில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வயலுக்கு மண்வெட்டியோடு போகும் முதியவர்கள், பால்காரர்கள், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர்கள், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவர்கள் எல்லாரும் இருசக்கர மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டார்கள். ஆகவே சாலையில் மிதிவண்டி என்றால், கேள்வி கேட்க மாட்டாத ஒருவர் போகிறார் என்றே ஓட்டுநரின் மனம் எடுத்துக்கொள்கிறது. இது என் கணிப்பு. ஆனால் பின்னால் வரும் பேச்சுகளைப் படிக்கிறவர்கள் இதை மறுப்பது கடினம்.

விபத்து நடந்த இடத்தில் தார் உயர்ந்தும் மண் ஓரம் தாழ்ந்தும் இருந்தது. மேலே மேலே தார் போட்டதாலும், மழை ஓரத்து மண்ணை அரித்ததாலும் உண்டான விளிம்பு அது. நான்கைந்து விரற்கடை உயரம் இருக்கும். மோட்டார் வண்டியில் போகிறவருக்கு அது கண்ணில்கூடப் படாது. மிதிவண்டியின் மெல்லிய சக்கரம் அதில் சாய்வாக இறங்கினால் முன்சக்கரம் பிடிபட்டுத் திரும்பிவிடும். மீண்டும் தாருக்கு ஏற முயன்றால் சறுக்கிவிடும்.

விபத்து

நேரம் காலை ஆறு மணியை ஒட்டி. வெளிச்சம் முழுதாக வரவில்லை, பனி இருந்தது. அடிபட்டவருக்கு வயது ஐம்பதுகளின் பிற்பகுதி. கேரியரில் உரச்சாக்கில் சுற்றிய மண்வெட்டி, தலையில் துண்டு. வண்டியின் பின்னால் இருந்த சிவப்புப் பிரதிபலிப்பான் எப்போதோ உடைந்துபோயிருந்தது. இதையும் பதிவில் சேர்க்க வேண்டும் என்று அவர் மகனே சொன்னார்.

வாழைத்தார் ஏற்றிய சிறு சரக்கு வண்டி, மக்கள் குட்டியானை என்று அழைக்கும் வகை, பின்னாலிருந்து வந்தது. எதிரே பேருந்து வந்துகொண்டிருந்தது. பேருந்து போகும்வரை வேகத்தைக் குறைத்து மிதிவண்டிக்குப் பின்னால் நின்றிருந்தால் அதிகம் போனால் பத்து விநாடி ஆகியிருக்கும். ஓட்டுநர் ஒலிப்பானை நீளமாக அடித்தபடி இடைவெளிக்குள் நுழைந்தார். மிதிவண்டிக்காரர் எப்போதும் செய்வதைப் போலத் தாரைவிட்டு மண்ணில் இறங்கினார். முன்சக்கரம் விளிம்பில் பிடிபட்டது. இடதுபுறம் விழுந்தவரின் தலை, ஓரத்தில் கிடந்த கல்லில் மோதியது. மிதிவண்டிக் கம்பி தொடையின்மேல் கிடந்தது.

முதல் கால் மணி நேரம்

மினி பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்கள் நான்கைந்து பேர் இதைப் பார்த்தார்கள். களையெடுப்புக்குப் போகிறவர்கள் அவர்கள். அவர்களோடு அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரும் நின்றிருந்தார். இவர்கள் ஓடி வருவதற்குள் ஒரு கார் வேகம் குறைந்து, கண்ணாடி இறங்கி, பிறகு ஏறி, போய்விட்டது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

கூட்டம் சேர்ந்ததும் நடந்தவை நம் ஊர்களில் எங்கும் நடப்பவைதான். ஒருவர் சோடா வாங்கிவரச் சொன்னார். இன்னொருவர் அக்குளில் கைகொடுத்து உட்காரவைக்கப் பார்த்தார். அவ்வழியே வந்த ஆட்டோவில் மடக்கி ஏற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. யார் கொண்டுபோவது, கொண்டுபோகிறவர்தான் ஆஸ்பத்திரியில் காசு கட்ட வேண்டியிருக்குமோ, போலீஸில் யார் பெயரைக் கொடுப்பது என்ற பேச்சும் அதனோடேயே எழுந்தது.

அங்கன்வாடிப் பணியாளர் சாலையில் மண்டியிட்டு, அடிபட்டவரின் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, எந்திரிக்காதிய, அப்படியே படுத்திருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் கொடுக்க விடவில்லை. தம் சேலைத் தலைப்பை மடித்துக் காயத்தின்மேல் அழுத்தும்படி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். 108-ஐ அழைத்தவரும் அப்பெண்களில் ஒருவரே.

இந்த முடிவுகள் ஏன் சரி என்பதை விளக்க வேண்டும். தலையில் அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். தலையைத் தூக்குவதும் உட்காரவைப்பதும் தண்டுவடத்தைச் சேதப்படுத்தக்கூடும். நினைவு மங்கியவருக்குக் கொடுக்கும் தண்ணீரோ சோடாவோ மூச்சுக்குழாயில் போகலாம், வாந்தியைத் தூண்டலாம், அறுவைச் சிகிச்சைக்கான மயக்கமருந்தையும் தாமதப்படுத்தலாம். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இழக்க நேரலாம். அந்தக் காலை மடக்கி ஆட்டோவில் திணித்திருந்தால் அந்த இழப்பு கூடியிருக்கும். ஆம்புலன்ஸ் வரவே வழியில்லாத இடத்தில் கிடைத்த வண்டியில் ஏற்றுவதைக் குறை சொல்ல முடியாது. இங்கே 108 வரும் என்பது தெரிந்திருந்தது, காத்திருப்பதே சரி.

பழி மாறிய லாரி

கூட்டம் சாலையின் பாதி வரை நின்றுகொண்டிருந்தது. பனியில் வேகமாக வரும் அடுத்த வண்டி அவர்கள்மேலேயே ஏறியிருக்கலாம். இதை முதலில் உணர்ந்தவர் பின்னால் வந்த டிப்பர் லாரியின் ஓட்டுநர். கூட்டத்துக்குச் சற்றுத் தொலைவில், லாரியைச் சாலையோரமாகச் சற்றுக் குறுக்கே நிறுத்தி, விளக்குகளைச் சிமிட்டவிட்டு, இறங்கிப்போய் ஓரத்து உடைமரத்திலிருந்து கொப்புகளை ஒடித்துவந்து லாரிக்குப் பின்னால் வரிசையாகப் போட்டார். வழியில் பழுதாகி நிற்கும் லாரிகளின் பின்னால் போடும் அதே அடையாளம். அடிபட்டவருக்கும் ஓடிவரும் வண்டிகளுக்கும் நடுவே பத்து டன் இரும்பை நிறுத்துவதைவிட நல்ல பாதுகாப்பு அந்த நேரத்தில் வேறெதுவும் இருந்திருக்க முடியாது.

ஊருக்குள்ளிருந்து அப்போதுதான் ஓடிவந்த இளைஞர்கள் கண்டது, கீழே கிடக்கும் மிதிவண்டியும் அதன் பின்னால் குறுக்கே நிற்கும் டிப்பரும். ஒருவர் லாரியில் ஏறிச் சாவியை எடுத்துக்கொண்டார். "ஏல, வண்டிய எடுத்த, நடக்கதே வேற" என்று கத்தல். ஓட்டுநரின் சட்டைக் காலரை ஒருவர் பிடித்துவிட்டார். அவர் கையில் அப்போதும் ஒரு கொப்பு இருந்தது என்று அங்கே நின்ற பெண்கள் சொன்னார்கள்.

அடி விழாமல் தடுத்தது, தலையைப் பிடித்திருந்த அங்கன்வாடிப் பணியாளர் இருந்த இடத்திலிருந்தே உரத்துச் சொன்னதுதான்: "அவரு இப்பத்தான்யா வந்தாரு. வாழத்தாரு வண்டி முன்னாலயே போயிட்டு." கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததால் அவர் பேச்சு எடுபட்டது. அறிமுகமில்லாத ஒரு ஊரில் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஓட்டுநரே கேட்டார். சாவி திரும்பக் கிடைத்த பிறகும் அவர் போகவில்லை; ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு கிளம்பும்வரை நின்றார்.

காவலர்கள் வந்தபோது அவர் தாமாகவே தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-ஆம் நாள் சட்டவலு அளித்தது. பின்னர் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவ முன்வருகிறவர்மீது, உதவும்போது நேர்ந்த பிழைக்காக வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லும்படி வற்புறுத்த முடியாது. மருத்துவமனை அவரிடம் பணம் கேட்டு நிறுத்திவைக்க முடியாது. கூட்டத்தில் எழுந்த அச்சங்களுக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் காலையில் அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

சரக்கு வண்டி ஓட்டுநர் எடுத்த முடிவு

அவருக்கு இருபதுகளின் நடுவயது. பக்கக் கண்ணாடியில் மிதிவண்டி சாய்ந்து கிடப்பதைப் பார்த்ததை அவர் மறைக்கவில்லை. காலை பிரேக்கில் வைத்தார், வேகம் குறைந்தது, பிறகு போய்விட்டார். ஏன் என்று கேட்டபோது மூன்று காரணங்களைச் சொன்னார். வண்டி படவில்லை, ஆகவே விழுந்தவர் எழுந்துகொள்வார் என்று நினைத்தார். ஏலம் தொடங்கும்முன் வாழைத்தாரை இறக்க வேண்டும். நின்றால் அடிப்பார்கள்.

மூன்றாவது காரணத்தைப் பொய்யென்று ஒதுக்க முடியாது என்பதை டிப்பர் ஓட்டுநருக்கு நடந்ததே காட்டிவிட்டது. சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியின் ஓட்டுநர் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்க நியாயமான எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. கூட்டத்தின் சீற்றத்தாலோ அவர் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ அது இயலாதபோது மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு, அருகிலுள்ள காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமையை நீக்குவதில்லை. மேலும், அவர் போனபோது சாலையில் கூட்டமே இல்லை. பெண்கள் சிலர்தான் இருந்தார்கள். ஓரமாக நிறுத்தி 108-ஐ அழைக்க ஒரு நிமிடம் போதும். வண்டியைவிட்டு இறங்காமலேயே அதைச் செய்திருக்கலாம். வண்டி தொட்டிருந்தால்தான் கடமை என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது முதல் காரணம். அந்த இளைஞரும் பதினொன்றாம் வகுப்பில் அரசு மிதிவண்டி வாங்கியவர். இதே சாலையில் பள்ளிக்குப் போனவர். பின்னால் ஒலிப்பான் கேட்டதும் மண்ணில் இறங்கிவிடும்படி அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு ஆண்டு அப்படியே இறங்கி ஏறினார். ஆகவே ஸ்டீயரிங் பிடித்த பிறகு, ஒலிப்பான் அடித்தால் மிதிவண்டி இறங்கும் என்பது அவருக்குச் சாலை விதியாகவே ஆகிவிட்டது. இறங்கத் தெரியாமல் ஒருவர் விழுந்தால் அது அவருடைய தடுமாற்றம். தமக்கு அதில் பங்கில்லை. நிற்காமல் போனதற்கான முடிவு கண்ணாடியில் பார்த்த கணத்தில் பிறந்ததாக நான் கருதவில்லை. தார் மோட்டார் வண்டிக்கு, மண் மிதிவண்டிக்கு என்று பிரித்த நாளிலேயே அது எடுக்கப்பட்டுவிட்டது.

சந்தையில் வாழைத்தாரை இறக்கிய பிறகு வண்டி உரிமையாளரிடம் சொன்னார். "பட்டுச்சா?" என்று கேட்ட உரிமையாளர், இல்லை என்றதும் விட்டுவிட்டார். மதியம் டீக்கடையில் பேச்சு எழுந்தபின் விஷயம் பெரிது என்று தெரிந்தது. வழி காட்டியவர் உரிமையாளரின் வயதான கணக்கப்பிள்ளை. முன்பு லாரி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். தெரிவிக்காமல் இருந்து, பிறகு வண்டி அடையாளம் தெரிந்தால், காப்பீட்டு நிறுவனத்தோடும் சிக்கல், வழக்கும் கடுமையாகும் என்று எடுத்துச்சொன்னார். மாலையில் உரிமையாளரே ஓட்டுநரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார்.

மருத்துவம்

ஆம்புலன்ஸில் கழுத்துப்பட்டையும் காலுக்குக் கட்டையும் வைத்து அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தலைக்குள் ரத்தக்கசிவு பெரிதாக இல்லை. தொடையில் உலோகத் தண்டு பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடந்தது.

குடும்பம் முதல் நாள் அலைந்த அலைச்சலில் பாதி, தனியார் மருத்துவமனைக்கு மாற்றப் பணம் புரட்டுவதற்கானது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 முதல் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் உள்ளது. மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் காயமுற்ற யாருக்கும், எந்த ஊர்க்காரர் ஆனாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. இது தெரிந்திருந்தால் காதுக் கம்மலை அடகு வைத்திருக்க மாட்டார்கள்.

வழக்கும் இழப்பீடும்

ஓட்டுநர்மீது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அசட்டையாக வண்டி ஓட்டுவது), 125 (பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது) பிரிவுகளின்கீழ் வழக்குப் பதிவானது. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்தது. குடும்பம், சட்டம் சொல்லும் ஆறு மாதக் கெடுவுக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தது. வண்டி படாததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. விசாரணை முடியவில்லை.

ஓட்டுநர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்த வண்டி என்றே தெரியாத விபத்துகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்கீழ், 2022 ஏப்ரல் முதல், கடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கிடைக்கும். ஆறேழு மாதம் கூலி இழந்து, இனி மண்வெட்டி பிடிக்க முடியுமா என்று தெரியாத ஒருவருக்கு 50,000 ரூபாயோடு எல்லாம் முடிந்திருக்கும். ஓட்டுநர் தெரிவிப்பதும் தெரிவிக்காததும் அடிபட்டவரின் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைப் பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை. தண்டனையை மட்டுமே சொல்கிறோம்: 134-ஐ மீறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

மற்ற ஓட்டுநர்கள் சொன்னவை

சந்தையிலும் லாரி நிற்கும் இடங்களிலும் பேசியபோது, பலர் ஒரே கருத்தைச் சொன்னார்கள்: நின்றால் பத்து வருடம் ஜெயில். 2024 ஜனவரியில் வடமாநில ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தச் செய்தி இங்கே வந்துசேரும்போது தலைகீழாகியிருக்கிறது. அவர்கள் எதிர்த்த, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, உயிரிழப்பை உண்டாக்கிவிட்டுத் தெரிவிக்காமல் ஓடுகிறவருக்கானது. நின்று தெரிவிக்கிறவரை அது தொடுவதில்லை. அதுவும் 2024 ஜூலை 1-இல் மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது. நிற்க வைப்பதற்காக எழுதப்பட்ட ஒரு விதி, நிற்காமல் போவதற்கான காரணமாக ஓட்டுநர்களின் வாயில் உலவுவது வேதனையான செய்தி.

மிதிவண்டியைப் பற்றிக் கேட்டால் கோபம் அதிகமில்லை, கவனமின்மையே அதிகம். "அவுஹ ஒதுங்கிருவாஹ" என்று மரியாதையோடேயே சொன்னார்கள். எங்கே ஒதுங்குவார்கள், அங்கே தரை எப்படி இருக்கிறது என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் பாதசாரிகள், மிதிவண்டிக்காரர்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரிடம் தனிக் கவனம் வேண்டும் என்கின்றன. எத்தனை அடி தள்ளி முந்த வேண்டும் என்று அவை சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று அளவே விதியாகியிருக்கிறது. அளவு சொன்னால் ஓட்டுநருக்குப் பிடிபடும். கவனம் வேண்டும் என்றால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அதன் பின் மாறியவை, மாற வேண்டியவை

சரக்கு வண்டியின் உரிமையாளர் தம் ஓட்டுநர்களிடம் இரண்டு சொல்லியிருக்கிறார்: எதிரே வண்டி வரும்போது மிதிவண்டியை முந்தக் கூடாது, யாராவது விழுந்தால், பட்டாலும் படாவிட்டாலும், முதல் அழைப்பு 108-க்கு, அடுத்தது தமக்கு. ஏலத்துக்குத் தாமதமானால் பேட்டாவில் பிடிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாமல் முதல் இரண்டும் நிற்காது என்பது என் கருத்து. அந்த இளைஞர் இப்போதும் அதே வண்டியை ஓட்டுகிறார். மருத்துவமனைக்குப் போய் அடிபட்டவரைப் பார்க்க விரும்பினார். குடும்பம் அப்போது வேண்டாம் என்றது. நான் வற்புறுத்தவில்லை.

இனி நடத்தும் ஓட்டுநர் பயிற்சிகளில், கூட்டத்துக்கு அஞ்சும் ஓட்டுநர் என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகச் செய்துகாட்ட வேண்டும்: சற்று முன்னால் போய் ஓரமாக நிறுத்துவது, 108-க்கும் காவல் துறைக்கும் அழைப்பது, கிலோமீட்டர் கல்லைப் பார்த்து இடம் சொல்வது, ஆபத்தெனில் நேரே காவல் நிலையம் போவது. சாலையோர ஊர்களில் இதே அளவு நேரம் இன்னொன்றுக்கும் ஒதுக்க வேண்டும். விபத்து இடத்தில் நிற்கும் வண்டிக்காரரிடம் சாவியைப் பறிக்கும்முன், முதலில் இருந்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்பது. அந்தக் கேள்வி அன்று இரண்டு நிமிடம் முன்னால் கேட்கப்பட்டிருந்தால் டிப்பர் ஓட்டுநரின் சட்டை கிழிந்திருக்காது. இன்னொரு முறை நிற்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். பகலில் நிற்பேன் என்றார். இரவில் நிற்பதாக அவர் சொல்லவில்லை.

சாலை விளிம்பைச் சமப்படுத்தக் கோரி, படங்களோடும் அளவோடும், ஊர் மக்கள் கையெழுத்திட்ட மனு கொடுக்கப்பட்டிருக்கிறது. இதை எழுதும்வரை அந்த இடத்தில் மண் நிரப்பப்படவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டிகள் காலையிலும் மாலையிலும் அதே விளிம்பில்தான் இறங்கி ஏறுகின்றன. மனுவின் நகலோடு மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கு அடுத்துச் செல்வதென்று ஊரில் முடிவாகியிருக்கிறது.